நாலு மீட்டர் இடைவெளி

ஒரு கோடு இன்னொரு கோட்டைக் குறுக்கே வெட்டிப் போனால், அந்த இடத்தில் திரும்பிக்கொள்ளலாம் என்று கண் சொல்லும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அதை ஒப்புக்கொள்ளாது. இரண்டு பாதைகளும் ஒரே புள்ளியைப் பங்கிட்டுக்கொண்டால்தான் அங்கே சந்திப்பு. அந்தப் புள்ளிக்கு நோடு என்று பெயர். நோடு இல்லாமல் வெட்டிக்கொள்ளும் கோடுகளை, ஒன்று மேலே போகிறது, மற்றது கீழே போகிறது என்றுதான் கணினி எடுத்துக்கொள்ளும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய இந்த வரைபடத்தில், உலகத்து ரோடுகளும் சந்துகளும் ஒத்தையடிப் பாதைகளும் இந்த ஒரு விதியை நம்பித்தான் இணைந்திருக்கின்றன.

காட்டுக்குள் மேம்பாலம் ஏது? ஆனாலும் பாதைகள் நோடு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றை வரைந்தவர் ஒருவர், மற்றதை வரைந்தவர் வேறொருவர். அவரவர் நடந்ததை அவரவர் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது பழனி மலையின் தெற்குச் சரிவு, அதை ஒட்டிய போடி மலைகள். பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை, வெள்ளகவி, வட்டக்கானல். போடிக்கு மேலே குரங்கணி, கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன். இரண்டு பக்கத்துக்கும் நடுவே மேட்டில் பேரிஜம். தேனி மாவட்டத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் ஒரே சுவராகத் தெரிகிற மலை. அதில் எந்த வழி எந்த வழியோடு சேர்கிறது என்பதுதான் கேள்வி. வரைபட மென்பொருள் எல்லாம் காசில்லாதது: க்யூஜிஐஎஸ், அதற்குள்ளேயே ஓடும் கிராஸ். அவசரமும் இல்லாத வேலை.

*

1821இல் பி. எஸ். வார்டு என்கிற லெப்டினன்ட் நில அளவைக்காக இந்த மலைக்கு வந்தார். வெள்ளகவியில் தங்கி, அங்கிருந்து இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டுக்கு ஏறினார். அளவைக்காரர் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது, ஊரிலிருந்து மேலே போக வழியும் இருந்தது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் மேட்டில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அதன்பிறகு பல பத்தாண்டுகள், பெரியகுளத்து அடிவாரத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் வெள்ளைக்காரர்கள் மேலே போனார்கள். டோலியைத் தூக்கியவர்கள் நடந்தார்கள்.

முதல் உலகப்போர் சமயத்தில் வத்தலக்குண்டு பக்கத்து காட் ரோடு திறந்தது. மோட்டார் மேலே ஏறியது. பழைய நடைவழிகள் யாருக்கும் முக்கியமில்லாதவையாயின, வெள்ளகவிக்காரர்களைத் தவிர. அவர்களுக்குத் தங்கள் ஊர் வழிதான் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் ரேஷனுக்கும் போகும் வழியாக நெடுங்காலம் இருந்தது. வண்டி போகாத பாதையில் மூட்டைகள் குதிரை முதுகிலும் தலையிலும் போயின. ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்பது வெளியூர்க்காரர்கள் ஆச்சரியத்தோடு எழுதும் விஷயம். எனக்கு ஆச்சரியம் வேறு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அளவைக்காரர் புறப்பட்ட ஊருக்குப் போகும் பாதை, திரையில் ஹைவே=பாத் என்ற ஒற்றைக் குறிச்சொல்லோடு, புள்ளிக் கோடாக நிற்கிறது. பூங்காவுக்குள் காலைநடை போகிற தடத்துக்கும் சில சமயம் அதே குறிச்சொல்தான்.

*

இரண்டு கோட்டு முனைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மேலேயிருந்து இறங்கிவரும் கோடு ஓரிடத்தில் நிற்கிறது. கீழேயிருந்து ஏறும் கோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அளந்தால் நாலு மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் மரங்களின் தலைதான் தெரிகிறது. அடியில் என்ன இருக்கிறதென்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

ஜிபிஎஸ் பிசகாக இருக்கலாம். பள்ளத்தில், அடர்ந்த மரத்தடியில், கைப்பேசி பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். வரைந்தவருடைய கைப்பிசகாக இருக்கலாம். அல்லது அங்கே நிஜமாகவே ஓர் ஓடை இருந்து, ஐப்பசியில் வந்தவர் இக்கரையோடும், இன்னொரு மழையில் வந்தவர் அக்கரையோடும் திரும்பியிருக்கலாம். மூன்றில் எது என்பதைக் கோடு சொல்லாது.

மென்பொருளில் டாலரன்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. அதில் சுழியம் என்று விட்டால் கறாராக இருக்கும். தொடாத முனைகள் தொடாதவைதான். ஐந்து என்று போட்டால், ஐந்து மீட்டருக்குள் இருக்கிற முனைகளையெல்லாம் சேர்ந்தவையாகக் கொள்ளும். ஓர் எண்ணைத் தட்டியதும் மலை முழுக்க ஓடைகள் தூர்ந்துபோகின்றன. (ஐந்து என்பது எந்த அலகில் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லேயர் டிகிரியில் இருந்தால் அது ஐந்து டிகிரி. தேனியும் சென்னையும் ஒரே நோடாகிவிடும். முதலில் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 43ஆம் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.)

இதைவிடக் கடுமையான கருவி கிராஸில் உண்டு. வி.கிளீன் என்று பெயர். முனைகளை ஒட்டவைக்கும், வெட்டும் இடங்களில் நோடு போடும், நீட்டிக்கொண்டிருக்கிற குட்டைக் கோடுகளை நீக்கும். இத்தனை மீட்டருக்குக் குறைந்த முட்டுச்சந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னால் போதும், வாழைநாரின் பிசிறை நகத்தால் கிள்ளுவதுபோலக் கிள்ளிப் போட்டுவிடும். நகரத்து ரோடுகளுக்கு இது சரி. மலையில் பாதையைவிட்டு விலகி முப்பது நாற்பது மீட்டர் போய் நின்றுவிடும் தடம் எதற்கு இருக்கிறது? ஊற்றுக்கு. கருப்பசாமிக்கு. மூட்டையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல்லுக்கு. நடப்பவருக்குப் பாதையைவிட முக்கியமானது சில சமயம் அந்தப் பிசிறுதான். கோடையில் ஊற்று எங்கே என்று தெரியாதவர் முழுப் பாதையையும் தெரிந்துவைத்து என்ன பயன்?

சுத்தமான வரைபடம் என்ற ஆசையை இந்த மலையில் நான் நம்புவதில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நோஎக்ஸிட் என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது. இந்த முனை இங்கேதான் முடிகிறது, பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறேன், சேர்க்க வேண்டாம் என்று அர்த்தம். அடுத்து வருகிறவரின் கையைப் பிடித்து நிறுத்தும் குறிச்சொல். அதை யாராவது போட்டிருக்கக் கண்டால் முகம் தெரியாத அந்த ஆளின்மேல் எனக்கு மரியாதை வரும்.

*

குதிரைக்காரர் ஒருவரிடம் கைப்பேசியில் ஒரு கோட்டைக் காட்டி, "இது போகுமாண்ணே?" என்று கேட்டேன். வாங்கி, கையைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "இதுவா? இது மாசி பங்குனில வழி, தம்பி. மழைல இது வழியில்ல, ஓட." பிறகு விரலால் கோட்டுக்கு வெளியே, வரைபடத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தைத் தொட்டார். "மழைல இப்பிடிச் சுத்திப் போவோம்."

அவருக்குப் பாதைகளின் நெட்வொர்க் ஒன்றல்ல, இரண்டு. காலம் மாறினால் நோடுகள் மாறுகின்றன. குறிச்சொற்களில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஆற்றை இறங்கிக் கடக்கும் இடத்துக்கு ஃபோர்டு என்று போடலாம். குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் திறந்திருக்கும் வழி என்று நிபந்தனையும் எழுதலாம். எழுதுகிறவர்கள் குறைவு. நடப்பவரில் பெரும்பாலோர் நல்ல பருவத்தில் வருகிற வெளியூர்க்காரர்கள், வரைபடமும் அதனால் நல்ல பருவத்து வரைபடமாகவே இருக்கிறது.

மலைபடுகடாம் நினைவுக்கு வருகிறது. நன்னனின் ஊருக்குப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், வழுக்கும் பாறையை எப்படிக் கடப்பது என்றெல்லாம் அதில் வருகிறது. வழியின் வடிவத்தைவிட வழியின் நிலைமைதான் அதில் அதிகம். குதிரைக்காரர் பேசியதும் அந்த வகைப் பேச்சுத்தான்.

*

கிராஸில் வி.நெட்.காம்போனென்ட்ஸ் என்ற கருவியை ஓட்டினால், ஒன்றோடொன்று தொடர்புள்ள பாதைகளை ஒரு கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்கும். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு நடந்து போக முடியாது, வரைபடத்தின்படி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பார்த்தேன். மலை துண்டு துண்டாகத் தெரிந்தது. நிஜ மலை இப்படித் துண்டாகியிருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சில துண்டுகள் உண்மைதான்.

கொழுக்குமலைத் தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, போடி தாலுகாவில். கடல்மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கு மேலே தேயிலை. ஆனால் அங்கே ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். வண்டிப் பாதைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கொழுக்குமலை மூணாறு பக்கத்துக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒத்தையடிப் பாதைகளைச் சேர்த்துக்கொண்டால்தான் குரங்கணியோடும் போடியோடும் சேர்கிறது. எல்லைக்கோடு ஒன்று சொல்கிறது, சக்கரம் ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது.

டாப் ஸ்டேஷன் இன்னும் விசித்திரம். கண்ணன் தேவன் மலைத் தேயிலைப் பெட்டிகள் மூணாறிலிருந்து குண்டலப் பள்ளத்தாக்கு வழியாகச் சின்ன ரயிலில் அங்கே வந்து, அங்கிருந்து ரோப்வேயில் ஐந்து கிலோமீட்டர் அந்தரத்தில் இறங்கிக் கொட்டகுடிக்கு வந்தன. அது பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. பெட்டிகளுக்கு வழி ஆகாயத்தில் இருந்த காலத்திலும் ஆட்களுக்கு வழி தரையில்தான் இருந்தது. கம்பி போய்விட்டது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் நடைவழி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய ரோடு. இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பான்காரன் வந்துவிட்டால் தப்பிப்பதற்கு என்று சீர்செய்யப்பட்ட ரோடு. 1990இல் மூடப்பட்டது. இன்று ஒரு பக்கம் தமிழ்நாட்டின் வன உயிரின சரணாலயம், மறுபக்கம் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. பழைய வரைபடங்களில் தடித்த கோடாக இருக்கிறது. நடுவில் காடு மூடிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கொடைக்கானலும் மூணாறும் பக்கத்து ஊர்கள். எடுத்துவிட்டால் மலையிறங்கிச் சுற்றிப் போய் மறுபடி மலையேற வேண்டும். ஒரே ஒரு கோடு இருப்பதும் இல்லாததும் இரண்டு ஊர்களின் தூரத்தை இப்படி மாற்றுகிறது. நான் கோட்டை விட்டுவைத்து, அனுமதி இல்லை என்ற குறிச்சொல்லைப் போட்டுக் கணக்கிலிருந்து மட்டும் விலக்கினேன். தரையில் இருந்ததை அழிக்க மனம் வரவில்லை. போகலாம் என்று சொல்லவும் முடியாது.

*

நேரக் கணக்கு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானல் மேடு சுமார் ஆறாயிரம் அடி. ஏற்றத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம் சேர்க்க வேண்டும். 1993இல் வால்டோ டோப்ளர் நடைவேகத்தைச் சரிவோடு இணைத்துச் சூத்திரமாக்கினார். அவர் கணக்கில் மனிதன் மிக வேகமாக நடப்பது சமதரையில் அல்ல, நூற்றுக்கு ஐந்து இறங்கும் மெல்லிய சரிவில், மணிக்கு ஆறு கிலோமீட்டர். நூற்றுக்கு முப்பது ஏற்றத்தில் அது 1.8ஆகக் குறைகிறது. அதே சரிவில் இறங்கும்போது 2.5. பாதையை விட்டு விலகினால் எல்லாவற்றையும் ஐந்தில் மூன்று பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அழகான சூத்திரம். ஆனால் அதற்குச் சரிவைத் தருவது எது? எஸ்ஆர்டிஎம். 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் பதினொரு நாள் சுற்றி ரேடாரில் எடுத்த உயரம். நமக்குக் கிடைப்பது முப்பது மீட்டர் கட்டம். ஒரு கட்டத்துக்குள் கொண்டை ஊசியாக மூன்று முறை மடங்கி ஏறும் குதிரைப் பாதை, கணினிக்கு நேராகச் சுவரேறுவதாகத் தெரியும். சோலைக்காடு இருக்கும் இடத்தில் ரேடார் பாதி மரத்தையும் சேர்த்து அளந்திருக்கும். ஆகவே எனக்குக் கிடைக்கிற நேரம், முதுகில் ஒன்றும் இல்லாமல், மரத்தலைகளின்மேல் நடக்கிற ஒரு ஆளின் நேரம். தலையில் மூட்டையோடு போகிறவருக்கும் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கும் சூத்திரத்தில் இடம் இல்லை. இதைச் சூத்திரத்தின் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 'இந்த ஊர் மருத்துவமனைக்கு நாலு மணி நேரம்' என்று அறிக்கை எழுதினால் அது குற்றம்.

*

2018 மார்ச் 11. கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நாளைக் கோடுகளால் விளக்கப் பார்ப்பது அடக்கமில்லாத வேலை. நெட்வொர்க்குக்குக் காற்று தெரியாது, காய்ந்த புல் தெரியாது. ஆனாலும் அதற்குப் பிறகு இந்தச் சரிவைத் திரையில் திறக்கும்போது மிகக் குறுகிய வழி எது என்ற கேள்வி எனக்குச் சின்னதாகிவிட்டது. இந்த இடத்திலிருந்து வெளியேற, ஒரு கோட்டைக்கூடத் தமக்குள் பகிர்ந்துகொள்ளாத வழிகள் எத்தனை? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று படுகிறது. கிராஸிலேயே அதற்குக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்று என்று கொள்ளளவு கொடுத்து வி.நெட்.ஃப்ளோவை ஓட்டினால் விடை எண்ணாக வரும். எந்தக் கோடு அறுந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்துபோகும் என்று வி.நெட்.பிரிட்ஜ் தனியே காட்டும்.

மலைமுகட்டு நோடுகளில் பெரும்பாலும் விடை ஒன்று என்றே வந்தது. ஒரு வழி. அதில் ஏறி, அதிலேயே இறங்க வேண்டும். நாலு மீட்டர் இடைவெளிகளை டாலரன்ஸால் மூடிவிட்டு மறுபடி ஓட்டினால் சில இடங்களில் ஒன்று இரண்டாகிறது. திரையில் பார்க்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டாவது வழியை நம்பி ஒருவர் புகைக்குள் ஓடி, ஓடைக்கரையில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். டாலரன்ஸைச் சுழியத்துக்கே திருப்பிவிட்டேன்.

*

எல்லாப் பாதையையும் வரைந்துவிட வேண்டுமா என்பதும் எனக்கு உறுத்துகிற விஷயம். மலைவாழ் பளியர்கள் தேனுக்குப் போகும் தடங்கள் உண்டு. யானை போட்ட தடங்கள் உண்டு, அவற்றில் மனிதரும் நடப்பதுண்டு. தரையில் இருப்பதை வரை என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நியதி. தரையில் இருப்பதையெல்லாம் வரைந்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. குரங்கணித் தீக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்து, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்றாகிவிட்டது. அப்படியிருக்க, தேன் பாறைக்குப் போகும் தடத்தை நான் உலகத்துக்குக் காட்டினால், வார இறுதியில் பைக்கில் வருகிற கூட்டத்துக்குத்தான் அது உதவும். பளியருக்கு என் வரைபடம் தேவையில்லை. என் கணினியில் மட்டும் ஒரு லேயராக வைத்திருக்கிறேன், ஏற்றவில்லை.

*

வரைபவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். நீங்கள் நடந்து கடக்காத இடைவெளியைச் சேர்க்காதீர்கள், அது எத்தனை சின்னதாக இருந்தாலும். முனையை அப்படியே விட்டுவிட்டு ஃபிக்ஸ்மீ என்ற குறிச்சொல்லைப் போட்டு, 'ஓடை இருக்கலாம், பார்க்கவில்லை' என்று தமிழிலேயே எழுதுங்கள். அந்தக் கட்டம் தமிழை ஏற்கும். செக்_டேட் என்ற குறிச்சொல்லில் போன தேதியைப் போடுங்கள். மாசியில் போனீர்களா, ஐப்பசியில் போனீர்களா என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அருகில் குதிரைக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு வரைவது இன்னும் நல்லது.